பழைய கார் பாகங்களின் துருவை வீட்டிலேயே மின்சாரத்தால் நீக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு 1986 மாடல் அம்பாசடர் இருக்கிறது. அப்பா வாங்கியது. சென்னையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில், உப்புக்காற்றில் பல வருடம் போர்வைக்குள் கிடந்தது. அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று இறங்கியபோது, கழற்றிய பாகம் ஒவ்வொன்றும் செங்கல் நிறத்தில் வந்தது. அம்பாசடரைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதுப்பேட்டையில் தேடினால் பாகங்கள் கிடைக்கும், ஆனால் அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் நம் பாகத்தைப் போலவே துருவேறிய பழசுதான். அதனால் கையில் இருப்பதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன். அப்போதிருந்து தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

இது என்ன முறை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சலவை சோடா கரைத்த தண்ணீரில் துருப்பிடித்த பாகத்தையும், வேண்டாத ஓர் இரும்புத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்த வேண்டும். பாகத்தில் பேட்டரி சார்ஜரின் கறுப்பு வயர், தகட்டில் சிவப்பு வயர். மின்சாரம் விட்டதும் பாகத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும். சில மணி நேரத்தில் துரு இளகி, கறுப்புச் சேறாகி, பிரஷ்ஷில் தேய்த்தால் வந்துவிடும். பள்ளியில் மின்னாற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். அந்த வேண்டாத தகட்டைப் பாடப்புத்தகம் நேர்மின்வாய் என்கிறது. இங்கே ஆனோடு என்றே சொல்கிறேன்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த தந்திரம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் 1930களிலேயே களிம்பேறிய பழைய வெண்கலங்களை மின்னாற்பகுப்பால் சுத்தம் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002இல் கடலுக்கடியிலிருந்து தூக்கிய மானிட்டர் போர்க்கப்பலின் இரும்புக் கோபுரத்தையும் பெரிய தொட்டியில் இட்டு இப்படித்தான் பராமரிக்கிறார்கள். நம் வாளி அதன் சின்ன வடிவம்.

துரு மறுபடியும் இரும்பாகிவிடுமா? அரித்துப்போன இடம் நிரம்புமா?

நிரம்பாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்த ஆசையோடுதான் வருகிறார்கள். செந்துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறும், கொஞ்சம் இரும்பாகக்கூடத் திரும்பும். ஆனால் அது பொடியாக இருக்குமே தவிர, பழைய இடத்தில் உறுதியாக ஒட்டாது. குழி விழுந்த இடம் குழியாகவே இருக்கும். ஓட்டை விழுந்து அதைத் துருதான் அடைத்துக்கொண்டிருந்தது என்றால், வாளியிலிருந்து எடுக்கும்போது ஓட்டை தெரியும். அதுவும் நல்லதுதான். பாகத்தின் உண்மையான நிலை அப்போதுதான் தெரிகிறது.

ஆசிட், வினிகர், சாண்ட் பிளாஸ்டிங் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

ஆசிட் துருவையும் தின்னும், இரும்பையும் தின்னும். எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பது மாதிரிதான் வினிகரும். சின்ன போல்ட்டுக்குச் சரி, பெரிய பாகத்துக்கு லிட்டர் கணக்கில் வேண்டும். சாண்ட் பிளாஸ்டிங் வேகமானது, ஆனால் மணல் அடித்த இடத்தில் மேற்பரப்பே மாறிவிடும். மெல்லிய தகடு நெளியும், அச்சு எழுத்து மழுங்கும்.

மின்னாற்பகுப்பில் பாகம் எதிர்முனையில் இருப்பதால் நல்ல இரும்பு கரைவதில்லை. துரு போனதும் வேலை தானாக நின்றுவிடுகிறது. ராத்திரி மறந்து தூங்கிவிட்டாலும் மிச்சமிருக்கும் இரும்புக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. (கவனிக்காமல் விடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஹைட்ரஜன் பற்றிக் கீழே சொல்கிறேன்.) எங்கள் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) முதல்முறை எடுத்துத் தேய்த்தபோது, வார்ப்பு எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வார்த்த அன்று மணல் அச்சு விட்ட சொரசொரப்புகூட அப்படியே இருந்தது. நான் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். இது துருவை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது.

எதையெல்லாம் போடலாம்? எதைப் போடவே கூடாது?

சாதா இரும்பும் வார்ப்பிரும்பும் தாராளமாகப் போடலாம். இரும்பு வீல், பிரேக் டிரம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், கதவுக் கீல், பெடல், பிராக்கெட், ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் இதில் அடங்கும். பிரேக் டிரம்மைத் துரு எடுத்தபின் உள்விட்டம் அளந்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். துரு போய்விட்டது என்பதால் மட்டும் அது நல்ல டிரம் ஆகிவிடாது.

அலுமினியம் போடவே கூடாது. சோடாத் தண்ணீரே அதை அரிக்கும், மின்சாரம் சேர்ந்தால் இன்னும் மோசம். கார்புரேட்டர் பக்கமே இந்த வாளியைக் கொண்டுபோக வேண்டாம். துத்தநாகப் பூச்சு உள்ள பாகம் பூச்சை இழக்கும். குரோம் பூசிய பம்பரில் அடியில் துரு கிளம்பியிருந்தால், பூச்சு செதில் செதிலாக உரியும். ரப்பர் புஷ், பேரிங், கேபிள் எதுவும் வேண்டாம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பாகத்தின் மேல் ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் கொஞ்சம் உலோகத்துக்குள் நுழையும். சாதா இரும்புக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் கெட்டிப்படுத்திய உயர்வலிமை எஃகு இதனால் நொறுங்கும் தன்மை அடைகிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், பாரம் ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதனால் ஸ்பிரிங், பின்பக்க லீஃப் பட்டை, முன்பக்க டார்ஷன் பார், ஸ்டியரிங் பாகங்கள், தலையில் 10.9 அல்லது 12.9 என்று எழுதிய போல்ட் எதையும் நான் போடுவதில்லை. 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறும் என்பது தொழிற்சாலை முறை. வீட்டு அடுப்பை நம்பி அதைச் செய்யாதீர்கள். தலையில் குறியே இல்லாத பழைய போல்ட் சஸ்பென்ஷனையோ பிரேக்கையோ பிடிக்கிறது என்றால், புதிது வாங்கிவிடுங்கள்.

என்னென்ன பொருள் வேண்டும்?

20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று போதும், பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். வீல் மாதிரி பெரிய பாகத்துக்கு பிளாஸ்டிக் டப் அல்லது பாதியாக வெட்டிய டிரம். ஆனோடுக்குப் பழைய இரும்புக் கடையில் தகடு அல்லது கட்டட வேலையில் மிச்சமான கம்பித் துண்டுகள். சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், வயர், கிளிப், கட்டுக்கம்பி, குறுக்கே வைக்க ஒரு மரச்சட்டம். கையுறை, கண்ணாடி. வயர் பிரஷ். சார்ஜர் கையில் இருந்தால் மற்றவை சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

எந்த சோடா? ஆப்ப சோடா போதாதா?

வேண்டியது சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். சாயப்பட்டறைக்காரர்கள் சோடா ஆஷ் என்பார்கள். நம் தூத்துக்குடியிலேயே தயாராகிற சரக்கு. ஆப்ப சோடா பைகார்பனேட். அதிலும் வேலை நடக்கும், ஆனால் மின்சாரம் குறைவாகப் பாயும். வேறு வழியில்லை என்றால் அதை வாணலியில் போட்டு நன்றாகச் சூடாக்கினால் நீரும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவை சோடாவாகிவிடும்.

அளவு, லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். 20 லிட்டர் வாளிக்கு 100 முதல் 200 கிராம். இது உலர்ந்த பொடிக்கான கணக்கு. கண்ணாடிக் கல் மாதிரிப் படிகமாக விற்பதில் எடையில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் வரை தண்ணீர் இருக்கலாம், அதனால் சுமார் இரண்டரை மடங்கு போடுங்கள். அதிகம் போட்டால் வேகம் கூடும் என்று அள்ளிக் கொட்ட வேண்டாம். சார்ஜருக்குத்தான் சுமை ஏறும்.

போர் தண்ணீர் பரவாயில்லையா?

உப்புக் கரிக்காத போர் தண்ணீர் என்றால் பரவாயில்லை. சோடா போட்டதும் பால் போல வெள்ளையாகக் கலங்கும். அது தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு பிரிவதுதான். கடற்கரைப் பகுதிகளில் வரும் கரிப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு பிரச்சினை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிடாதீர்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அருமை.

சமையல் உப்பு போட்டால் நன்றாகப் பாய்கிறதே?

பாயும். ஆனோடு பக்கம் குளோரின் வாயுவும் வரும், மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். துரு எடுத்த பாகத்தின் குழிகளில் உப்பு தங்கி, பெயின்ட்டுக்கு அடியில் மறுபடி துருவைக் கிளப்பும். உப்பு வேண்டாம். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது வேலை செய்யும், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வை போகலாம்.

எவர்சில்வர் தட்டை ஆனோடாக வைத்தால் கரையாமல் ரொம்ப நாள் வருகிறது என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எவர்சில்வர் வைக்கக் கூடாது.

எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. சிவப்பு வயரில் மாட்டி சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் அது குரோமேட்டாகக் கரையலாம். அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கினால் அதன் அடையாளம். தொட்டால் தோலுக்குக் கெடுதல், குமிழோடு மேலெழும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல், சாக்கடையில் ஊற்றினால் ஊருக்கே கெடுதல். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு அந்த வட்டாரத்து நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். நம் வீட்டுக் கொல்லையில் அதே பொருளைச் சின்ன அளவில் நாமே செய்து ஊற்ற வேண்டுமா?

காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது, காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் உண்டு. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். துருப்பிடித்திருக்கும் இரும்பு என்றால் ஆனோடாக வைப்பேன். வெளியில் கிடந்தும் பளபளக்கிறது என்றால் தொட மாட்டேன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம், செம்பும் வேண்டாம்.

எந்த சார்ஜர்?

பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர்தான் சிறந்தது, 5 முதல் 10 ஆம்பியர் வரை. ஆம்பியர் காட்டும் முள் இருந்தால் இன்னும் நல்லது, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லும். இப்போது வரும் தானியங்கி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். வாளியை மாட்டினால் சும்மா இருக்கும். பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் மஞ்சள் வயரை எடுத்தும் செய்யலாம், வயரிங் தெரிந்தவர் செய்தால்.

வீட்டு 230 வோல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் நேராக வாளிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது மாறுதிசை மின்சாரம், துருவை எடுக்காது, ஆளைத்தான் எடுக்கும்.

எப்படி மாட்டுவது? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். டீசலில் ஊறவைத்துத் தேய்த்து, அப்புறம் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். கிரீஸ் இருக்கும் இடத்தில் மின்சாரம் பாயாது. செதில் செதிலாகத் தொங்கும் துருவைச் சுத்தியலால் லேசாகத் தட்டி உதிர்த்துவிட்டால் நேரம் மிச்சம்.

பாகத்தின் ஓர் ஓரத்தில் உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். வயர் அங்கேதான் பிடிக்க வேண்டும். துருவின் மேல் கிளிப்பை மாட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கட்டுக்கம்பியை அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி, மரச்சட்டத்திலிருந்து பாகத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். கம்பியின் மேல்நுனியில் கறுப்பு கிளிப்.

ஆனோடுத் துண்டுகளை வாளியின் உள்சுவரை ஒட்டி நாலு பக்கமும் நிறுத்தி, அவற்றைக் கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். இந்த முறைக்குக் கண் மாதிரி ஒரு குணம் உண்டு. ஆனோடு பார்க்கும் முகம் வேகமாகச் சுத்தமாகும், முதுகுப் பக்கம் அப்படியே இருக்கும். ஒரே தகடுதான் இருக்கிறது என்றால், பாதியில் பாகத்தைத் திருப்ப வேண்டும். குழாய் மாதிரிப் பாகத்தின் உட்புறம் வேண்டுமென்றால், நடுவில் தொடாமல் ஒரு கம்பியை ஆனோடாக இறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

சிவப்பு கிளிப் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே மூழ்கினால் ஆனோடோடு சேர்ந்து கிளிப்பும் கரையும், அதிலுள்ள செம்பு பாகத்தின் மேல் படியும்.

எல்லாம் மாட்டிய பிறகு, ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டி வாய்விட்டுச் சொல்லுங்கள்: கறுப்பு பாகத்துக்கு, சிவப்பு தகட்டுக்கு. அப்புறம் சுவிட்ச்.

வயரை மாற்றி மாட்டிவிட்டால்?

பாகம் கரையும். தொடக்கத்தில் ஒருமுறை எனக்கு நேர்ந்தது. ஹேண்ட்பிரேக் லீவரின் பல்சக்கரத் துண்டு, ஆறு மணி நேரம். மாலையில் எடுத்துப் பார்த்தபோது பற்களின் கூர் போயிருந்தது. கூர் போன பல்லில் பிரேக் நிற்காது, அதை மறுபடி பயன்படுத்த முடியவில்லை. அந்த விரல் தொட்டுக் காட்டும் பழக்கம் அன்றிலிருந்து வந்ததுதான்.

எவ்வளவு நேரம்? முடிந்தது என்று எப்படித் தெரியும்?

லேசான துரு என்றால் மூன்று நாலு மணி நேரம். வருடக் கணக்கில் ஏறியது என்றால் ஓர் இரவோ, ஒரு முழு நாளோ. 20 லிட்டர் வாளிக்கு 3 முதல் 6 ஆம்பியர் போதும். 5 ஆம்பியரில் 8 மணி நேரம் ஓடினால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்.

ஆரம்பத்தில் முள் 5இல் இருந்து, மெல்ல 2க்கு இறங்கினால் ஆனோடில் ஆரஞ்சு நிறச் சேறு படிந்திருக்கிறது என்று அர்த்தம். சார்ஜரை நிறுத்தி, தகட்டை எடுத்துச் சுரண்டிக் கழுவிவிட்டு மறுபடி வையுங்கள். முள் திரும்பவும் ஏறும்.

முடிந்ததா என்பதை நிறம் சொல்லிவிடும். எங்கும் செம்மை தெரியக் கூடாது. கட்டைவிரலால் தேய்த்தால் கரிப்பொடி மாதிரிக் கறுப்பு ஒட்டி வந்து, அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிய வேண்டும். ஒரு மூலையில் இன்னும் செந்துரு இருந்தால் திருப்பி மாட்டி இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

ஹைட்ரஜன் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எங்கே வெடிக்கும் என்று புரிந்துகொண்டால் பயப்படத் தேவையில்லை. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பிடிக்கும். 5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.2 லிட்டர் ஹைட்ரஜன் வரும். மொட்டை மாடியிலோ திறந்த கொல்லையிலோ அது உடனே மேலே போய்விடும். அதே வாளியை மூடி போட்டு மூடினால்? மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 5 லிட்டர் இடம் இருந்தால், ஐந்தாறு நிமிடத்தில் 4 சதவீதம் வந்துவிடும். கூடவே ஆனோடிலிருந்து ஆக்சிஜனும் சேரும். பிறகு ஒரு சின்னப் பொறி போதும்.

ஆகவே மூடி போடக் கூடாது. மழைக்காக பாலிதீன் போர்த்தக் கூடாது. சமையலறையிலோ, பூஜை விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்திலோ, கதவடைத்த கார் ஷெட்டிலோ வைக்கக் கூடாது. கிளிப்பைக் கழற்றும் முன் சுவரில் சுவிட்சை அணையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், அதுவும் குமிழ் கிளம்பும் வாய்க்கு நேர் மேலே.

ஷாக் அடிக்காதா?

12 வோல்ட் சாதாரணமாக உடம்பில் ஏறாது. ஆனால் சார்ஜரின் மறுபக்கம் 230 வோல்ட் இருக்கிறது. சார்ஜரை வாளிக்குப் பக்கத்தில் தரையில் வைக்காமல், ஒரு ஸ்டூலில் தள்ளி வையுங்கள். எர்த் உள்ள பிளக், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், அவை இரண்டு முனையையும் இணைத்தால் நொடியில் பழுக்கச் சூடாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடவிட வேண்டாம்.

வெளியே எடுத்துக் கழுவி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி பழுப்பாகிவிட்டது. என்ன தப்பு?

தப்பு வாளியில் இல்லை, எடுத்த பிறகு வந்த பத்து நிமிடத்தில் இருக்கிறது. துரு நீங்கிய இரும்பு திறந்த புண் மாதிரி. ஈரமும் காற்றும் பட்ட உடனே மெல்லிய துரு படரும். சென்னை மாதிரி ஊரில் கண் முன்னாலேயே நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

நான் செய்வது இப்படி. எடுக்கும் முன்பே பிரஷ், வெந்நீர், பழைய வேட்டித் துணி, ஹேர் டிரையர், பிரைமர் எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவேன். வெயில் ஏறிய பதினோரு மணிக்குத்தான் எடுப்பேன். ஓடும் தண்ணீரில் வயர் பிரஷ்ஷால் கறுப்பைத் தேய்த்து எடுத்து, கடைசியாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவேன். இரும்பே சூடாகிவிடுவதால் ஈரம் தானாகக் காயும். உடனே துடைத்து, துளை, மூலை எல்லாம் டிரையர் காட்டி, வெயிலில் கை பொறுக்காத சூடு வரும்வரை வைத்து, அந்தச் சூடு தணிந்ததும் பிரைமர். பெயின்ட் அடிக்காத பாகம் என்றால் எண்ணெய் தடவி வைக்கலாம்.

அன்று பெயின்ட் அடிக்க நேரம் இல்லையா? பாகத்தை வெளியே எடுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஆனோடை எடுத்துவிட்டு, சோடாத் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியபடியே விடுங்கள். உப்பில்லாத காரத் தண்ணீரில் இரும்பு அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது. மறுநாள் சாவகாசமாக எடுக்கலாம்.

பெட்ரோல் டேங்க்கின் உட்புறத் துருவை இப்படி எடுக்கலாமா?

செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் வீட்டில் செய்ய மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன். காலி டேங்க் என்று நாம் நினைக்கும்போதும் உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். அதே மூடிய இடத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்கின்றன. உள்ளே இறக்கிய கம்பி டேங்க்கின் சுவரைத் தொட்டால் பொறி. மேலும் பல டேங்க்குகளின் உட்புறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும், அதுவும் பாழாகும். டேங்க்கை அதற்கென்றே வேலை செய்யும் பட்டறையில் கொடுங்கள்.

பழைய பெயின்ட் இருந்தால்?

துருவோடு சேர்ந்து அதுவும் பெரும்பாலும் இளகி உரிந்து வரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகவே சுரண்டுங்கள். அந்தச் செதில்களைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

வேலை முடிந்த தண்ணீரை என்ன செய்வது?

ஊற்ற அவசரப்பட வேண்டாம். சோடா செலவாவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு மாதக் கணக்கில் அதையே பயன்படுத்தலாம். பார்க்கத்தான் காப்பி டிகாக்ஷன் மாதிரி இருக்கும். சேறு அதிகமானால் அசையாமல் ஒரு நாள் வைத்து, மேல் தண்ணீரை வேறு வாளிக்கு இறுத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பு ஆனோடு மட்டுமே வைத்து, ஈயப் பெயின்ட் எதுவும் சேராமல் இருந்தால், மிச்சம் இருப்பது இரும்புத் துருவும் சலவை சோடாவும்தான். நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். செடிக்கு ஊற்ற வேண்டாம், காரம் வேரைச் சுடும்.

முதல்முறை செய்கிறேன். எதில் ஆரம்பிக்கட்டும்?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கு அடியில் பாருங்கள். வீல் ஸ்பானர் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். அதைப் போடுங்கள். வடிவம் எளிது, கட்டுக்கம்பி சுற்ற வசதி, ஏதாவது தவறினாலும் வண்டிக்கு ஆபத்து இல்லை. பாதி ஸ்பானரை மட்டும் தண்ணீருக்குள் இறக்கி நாலு மணி நேரம் ஓடவிட்டு எடுங்கள். தண்ணீர் மட்டம் இருந்த இடத்தில் கோடு போட்டது மாதிரி, மேலே பழுப்பும் கீழே சாம்பல் நிறமும் பிரிந்து நிற்கும். அப்புறம் திருப்பித் தொங்கவிட்டு மறுபாதியையும் முடித்து, மறக்காமல் எண்ணெய் தடவி வையுங்கள்.